அக்கா வீட்டு மெயின் பெட்டி

இது கட்டுக்கதை இல்லீங்க, எனக்கே நடந்தது. நம்பலன்னா சிரிச்சிட்டுப் போங்க, கோவிச்சுக்க மாட்டேன். அன்னைக்குப் பார்த்ததைச் சொல்லப் பயமில்ல. அப்ப நான் செஞ்சிட்டிருந்த வேலையைச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு.

நான் வயரிங் வேலை பார்க்கிறவன். போன மாசம் என் அக்கா ஒரு பழைய வீடு வாங்கினா. மெயின் பெட்டியை மாத்திக் கொடுக்கிறது என் பொறுப்பு. "என் தம்பி போடுறான், நிம்மதியாத் தூங்கலாம்"னு அக்கம்பக்கமெல்லாம் பெருமையடிச்சு வச்சிருந்தா. பெட்டி இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவளும் ரெண்டு பிள்ளைங்களும் படுக்கிற ரூம்.

மெயின் பிரேக்கர் அறுபத்து மூணு ஆம்பியர். மீட்டர்லேருந்து பெட்டிக்குப் பதினாறு ஸ்கொயர் ஒயர் இழுக்கணும். ஆனா பைப்ல வளைவு ஜாஸ்தி. அந்தத் தடி ஒயர் நகர மாட்டேன்னு அடம் பிடிச்சுது. பையில பத்து ஸ்கொயர் கிடந்துச்சு, அது வழுக்கிட்டுப் போச்சு. ஒயர் மெலிசா, பிரேக்கர் பெரிசா இருந்தா ஒயர் உருகினாலும் பிரேக்கர் விழுந்து கரண்டை நிறுத்தாது. தெரியாமச் செய்யல, தெரிஞ்சேதான் செஞ்சேன். எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடவா போறாங்கன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

மத்தியானம். வெளியே கொட்டுற மழை. அக்கா பிள்ளைங்களோட கடைக்குப் போயிருந்தா. மீட்டர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். வீட்டுல சுத்தமா கரண்ட் கிடையாது. பெட்டி மூடியைத் திருகிட்டிருந்தேன்.

டக்... டக்...

பின்னாடி ஒருத்தர் நின்னாரு. காதுல பென்சில், இடுப்புல டெஸ்டர். நம்ம தொழில்காரர்னு பார்த்ததுமே தெரிஞ்சுது.

"அக்கா வீடா?"

"ஆமாண்ணே."

"ஒயர் என்ன சைஸ்?"

"பதினாறு."

வாய் கூசாம சொன்னேன்.

அவர் புறங்கையைப் பெட்டி மேல வச்சாரு. நாங்க அப்படித்தான் தொடுவோம். உள்ளங்கையால தொட்டா, ஷாக் அடிச்சதும் கை மூடிப் பிடிச்சுக்கும்.

"சுடுதேப்பா..."

கரண்டே இல்லாத பெட்டி. நானும் புறங்கையை வச்சேன்.

சுட்டுச்சு.

பிளாஸ்டிக் கருகுற வாடை வந்துச்சு. திரும்பினேன். யாரும் இல்ல. அந்த மழையில வந்தவர் நின்ன இடம்... தரை காய்ஞ்சு கிடந்துச்சு.

சுவருக்கு அந்தப் பக்கம், காலி ரூம்ல...

ஒரு பொம்பளை இருமினாங்க.

மூடியைக் கழட்டினேன். உள்ளே எல்லாம் ஜில்லுனு இருந்துச்சு. மூடியோட உள்பக்கம்... கரியில நாலு விரல் முட்டி பதிஞ்சிருந்துச்சு.

பத்து ஸ்கொயரை உருவி எறிஞ்சேன். அழுதுகிட்டே பதினாறை இழுத்தேன். காலையில அடம் பிடிச்ச ஒயர், அந்த முனையிலேருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி வந்துச்சு.

அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். முன்னாடி அந்த வீட்டுல ஒரு அம்மா இருந்தாங்களாம். பெட்டி தீப்பிடிச்சு, பக்கத்து ரூம்ல படுத்திருந்தவங்க புகையில மூச்சுமுட்டிப் போயிட்டாங்க. வயரிங் போட்டது அவங்க கூடப்பிறந்த தம்பி. அந்த வாரமே அவனும் தன் உசிரை மாய்ச்சுக்கிட்டானாம்.

அக்காகிட்ட நான் எதையும் சொல்லல. எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுச் சொல்றது? நேத்து சோறு போடும்போது அவளே ஆரம்பிச்சா.

"ஏன்டா, உன்கிட்ட சாவி கொடுத்தது இதுக்கா? ராத்திரியில வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்துட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்னே 'சூடில்லக்கா, நீ தூங்கு'ன்னு சொல்லிட்டுப் போற. உன்ன மாதிரி தம்பி யாருக்குடா கிடைப்பான்?"



ராத்திரியில நான் அந்த வீட்டுப் பக்கமே போனதில்லீங்க.