யாரும் சோதிக்காத கல்

தராசு பழுது பார்ப்பவருக்கு அந்தத் தெருவில் பட்டப்பெயர் ‘யாரு சாட்சி’. மழை பெய்கிறது என்றால்கூட நனைந்தது யார் என்று விசாரிக்கிற மனுஷன். சந்தேகம் தொழிலோடு வந்து ஒட்டிக்கொண்டது. கடைக்காரர்களின் எடைக்கற்களைத் தன் பித்தளைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தப் பித்தளைக் கல்லை வருஷா வருஷம் அரசாங்க ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார். அங்கேயும் சும்மா இருக்கமாட்டார். “உங்க கல்லை யாரு சோதிச்சது?” “தலைநகரத்துல.” “அங்க இருக்கிறதை?” அதிகாரி பொறுமையிழந்து, முத்திரையைக் குத்தி அனுப்பிவிடுவார்.

இதைக் கேட்டதிலிருந்து பஸ் ஓட்டும் மச்சினனுக்கு நல்ல தீனி. கடைக்கு வந்தாலே இதே வாக்குவாதம்தான்.

“அத்தான், ஒரு கல்லுக்கு இன்னொரு கல்லுன்னு போய்க்கிட்டே இருந்தா எங்கதான் நிக்கும்? யாரும் சோதிக்காத கல்லு ஒண்ணு இருந்தே ஆகணும். உலகமும் அப்படித்தான். ஒண்ணுமில்லாததுல இருந்து எதுவும் வராது. அப்ப என்னைக்குமே இருந்த ஒண்ணு இருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டும். அதனால அது நல்லதுன்னு ஆயிடுமா? நம்ம மேல அதுக்கு அக்கறைன்னு ஆயிடுமா? சும்மா கிடக்கிற பாறாங்கல்லாக்கூட இருக்கலாம்.”

“அதுல இருந்துதானே நீங்க வந்தீங்க? பாறாங்கல்லு சந்தேகப்படுமா?”

“பொய்யும் அங்கிருந்துதானே வந்திருக்கு? அதான் எனக்கு உதைக்குது.”

இப்படிப்பட்டவரின் மகள், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவர் பையனின் முதலாளியை விசாரித்தார். “தங்கம்” என்றார் முதலாளி. முதலாளி யோக்கியமா என்று பக்கத்துக் கடையில் கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் எப்படி என்று அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரைக் கேட்டார். வருஷம் ஓடியது. விசாரணை பையனை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது.

“ஞாயித்துக்கிழமை அவரை வரச்சொல்லியிருக்கேன்ப்பா,” என்றாள் மகள். “சரின்னாலும் வேண்டாம்னாலும் அன்னைக்கே சொல்லிடுங்க. அதுக்கு மேலயும் இழுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போய்க் கட்டிக்குவேன்.” சொன்னால் செய்கிறவள்.

பையன் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மச்சினனும் வேடிக்கை பார்க்க ஆஜர்.

“உங்களை நம்பலாம்னு யாரு சொல்லுவா?”

“உங்க பொண்ணையே கேளுங்க சார். அவங்களுக்கு என்னைத் தெரியும்.”

“அவளுக்கு யாரு சாட்சி?”

பழக்கதோஷம். வாயை விட்டு வந்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். மகள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டத் தொடங்கினாள். மனுஷன் கூசிப்போனார். ஊரில் இருக்கிற கல்லையெல்லாம் சந்தேகப்பட்டவர், இவளை மட்டும் ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

“நில்லும்மா.” “நான்தான். அவளுக்கு நான் சாட்சி.”

மச்சினன் வாயைத் திறந்தான். என்ன கேட்கப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான்.

மகள் ஒற்றைக்கால் செருப்போடு நின்றாள்.

“அப்ப... சரிங்களா சார்?” என்றான் பையன்.

“இன்னும் என்ன சார்? மாமான்னு கூப்பிடுங்க,” என்றார், அப்போதும் அவன் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துக்கொண்டே.