அசைக்கக் கூடாத குழாய்

விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதை நிமிர்த்தி வைக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி. தாங்கியின் அடியில் சாய்வாகப் பதித்த சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு காலை நேரம் இது உட்கார்ந்திருந்தது. வீட்டிலேயே கர்ப்பம் பார்த்துக்கொள்ளும் சோதனை. எங்கள் ஊர்க் கடைகளில் அப்போது அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. இன்று எந்த மருந்துக் கடையிலும் மலிவாக ஒரு சோதனைப் பட்டை கிடைக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒரு கோடா இரண்டு கோடா என்று சொல்லிவிடுகிறது. அந்த ஐந்து நிமிடம் பொறுக்காமல் மூன்றாவது நிமிடத்திலேயே படம் எடுத்து எனக்கு அனுப்பும் பெண்கள் எங்கள் உறவில் இருக்கிறார்கள். உறையின் பின்பக்கம் எழுதியிருப்பதை வாசி என்று பதில் போடுவேன். இதுவரை ஒருத்தியும் வாசித்ததில்லை.

நான் மலையில் ஒரு சின்ன மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வேலைக்காலத்தில் பாதி, செய்முறையைச் சொல்வதிலும், சொன்னதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டு வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்புவதிலும் போயிற்று. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீர், சுத்தமான பாட்டில் என்பேன். யூகலிப்டஸ் தைல பாட்டிலில் கொண்டுவருவார்கள். மூடியைத் திறந்தால் என் மூக்கடைப்புதான் சரியாகும். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த கர்ப்பச் சோதனை, நாள் தள்ளி இரண்டு வாரமாவது ஆனால்தான் நம்பத் தகுந்தது. இரண்டாம் நாளே வந்து நிற்பார்கள். அப்படி நின்றவர்களில் எவராலும் என் மதினியை மிஞ்ச முடியாது. அவர் என் வீட்டிலேயே இருந்தார்.

மதினி என் அண்ணனின் மனைவி. வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் விடுதியில் துணிமணிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். அண்ணன் அதே பள்ளியில் தச்சர். மதினிக்கு அதற்கு முன் இரண்டு கரு, மூன்றாம் மாதம் எட்டும் முன்பே கலைந்திருந்தது. இரண்டாவது, தாய்வீடான ஆயக்குடிக்குப் போய்விட்டுப் பழனி மலைப்பாதையில் பஸ்ஸில் திரும்பிய மறுநாள். பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலும் இது கருவிலேயே உள்ள குறை என்று எங்கள் மருத்துவமனை டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். நானும் மருத்துவப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னேன். மதினி தலையாட்டுவார். அந்தப் பஸ் சவரிக்காடு பக்கத்தில் போட்ட பிரேக்கைப் பற்றி மறுபடியும் ஆரம்பிப்பார். அன்று அந்தப் பஸ்ஸில் ஏறாமல் இருந்திருக்கலாம் என்பது அவர் வாயில் ஜெபம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த டிசம்பரில் அவருடைய ஒரே தங்கைக்கு ஆயக்குடியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதே நேரத்தில் மதினிக்கு நாள் தள்ளியது. மூன்றாம் நாளே என்னிடம் வந்தார். பத்து நாள் கழித்து வாருங்கள் என்றேன். அதற்குள்தான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. விடுதியிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பிய ஓர் ஆசிரியை, பாதி தீர்ந்த பவுடர் டப்பா, ஒரு ஜாம் புட்டி இவற்றோடு பிரிக்காத இந்தப் பெட்டியையும் மதினியின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஒரே ஒரு சோதனைக்கான பொருள்தான் இருந்தது. நாள் தள்ளி ஒன்பதாம் நாளிலிருந்து பார்க்கலாம் என்று தாளில் அச்சடித்திருந்தது.

"நாலாம் நாளு பாத்தா என்ன, போலீஸா பிடிக்கும்?" என்றார் மதினி.

"இருந்தாலும் இல்லன்னு காட்டும் மதினி. அப்புறம் வேற பெட்டிக்கு அமெரிக்காவுக்கா போவீங்க?"

"படிச்சவளோட ஒரே வீட்டுல இருக்கறது ஆஸ்பத்திரியில இருக்கற மாதிரிதான்."

அவரை நம்பமுடியாமல் பெட்டியை என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில். இந்த ஒழுங்கின் பலன் என்னவென்றால், ஒன்பதாம் நாளும், கல்யாணத்துக்குக் கிளம்பும் நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பதினொரு மணிக்குப் பஸ். கரு உண்டு என்று தெரிந்தால் மதினி ஏற மாட்டார். இல்லையென்றால் தங்கையின் கல்யாணத்துக்கு மூத்தவளாக முன்னால் நிற்க வேண்டும். பட்டுப்புடவை பையில் மடித்து இருந்தது.

காலை ஏழு மணிக்குத் தாளில் சொன்னபடி எல்லாம் செய்தேன். மூன்று சொட்டுச் சிறுநீர், பெட்டியோடு வந்த தண்ணீர், பத்து விநாடி குலுக்கல். பிறகு குழாயைத் தாங்கியில் நிறுத்தி இரண்டு மணி நேரம் தொடக் கூடாது, அதிரக் கூடாது, சூடு படக் கூடாது. கரு உண்டானால் குழாயின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படியும். அதைக் கீழே உள்ள கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீடு பலகைத் தரை. அண்ணன் ஒரு அடி வைத்தால் டம்ளர்கள் பேசிக்கொள்ளும். அவரை வாசலில் உட்காரவைத்தேன். மதினியைக் கட்டிலில் உட்காரவைத்தேன். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு குழாய்க்குக் காவல் நின்றேன்.

எட்டே முக்கால் இருக்கும். குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா உரலில் மிளகாய் இடிக்க ஆரம்பித்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஜன்னல் விளிம்பு அதிர்ந்தது. ஓடினேன். கால் மணி நேரம் பொறுக்கும்படி கெஞ்சினேன். எதற்கு என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். சொல்லாமல் விடமாட்டேன் என்றார். ஒருவழியாகச் சமாளித்துத் திரும்பினால் ஜன்னல் விளிம்பு காலி. குழாய் அடுப்பு மேடையில் இருந்தது, அண்ணனுடைய மப்ளருக்குள், பால் பாத்திரத்தின் பக்கத்தில்.

"என்னண்ணே செஞ்ச?"

"வெறச்சுப்போய்க் கெடந்துச்சு புள்ள. நம்ம வீட்டுல தயிரே அடுப்போரம் சுத்தி வச்சாத்தான் உறையுது. இது ஜன்னல்ல வச்சா எந்தக் காலத்துல உறையும்? பஸ்ஸுக்கு வேற நேரமாச்சு."

"அது தயிர் இல்லண்ணே!"

"தெரியும்ல. தயிருன்னா விரல விட்டுப் பாத்திருப்பேன்."

மப்ளரைப் பிரித்தேன். செங்கல் கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது, அடியில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணனை அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பம். அவர் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனார்.

மதினி எழுந்து வந்தார்.

"பாப்பா, உரல நிறுத்தப் போறதுக்கு முந்தி குனிஞ்சு பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"ரெண்டு மணி நேரம் ஆகல மதினி. முந்திப் பாத்தது செல்லாது."

"செல்லுமா செல்லாதான்னு கேக்கல. உன் கண்ணுல என்ன பட்டுச்சு?"

முடியாத சோதனையின் முடிவை நான் யாருக்கும் வாயால் சொன்னதில்லை. டாக்டரம்மாவே அவசரம் என்று வந்து நின்றபோதும் நேரம் ஆகட்டும் என்று நிறுத்தி வைத்தவள். மதினி புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே அண்ணன் செருமும் சத்தம் கேட்டது.

"வளையம் மாதிரி தெரிஞ்சது. முழுசா இல்ல, ஒரு பக்கம்தான். ஆனா அத வச்சு எதுவும்..."

"போதும்" என்றார். பையிலிருந்து பட்டுப்புடவையை எடுத்துப் பீரோவில் வைத்தார். வாசலைப் பார்த்து, "என்னங்க, நீங்க மட்டும் வெரசா கெளம்புங்க. கேட்டா காய்ச்சல்னு சொல்லுங்க. அவ ஏசுவா. ஏசட்டும்" என்றார்.

தங்கை ஏசினாள். இரண்டு வருடம் பேசவும் இல்லை. நான் அடுத்த வாரமே மருத்துவமனையில் முறைப்படி சோதனை செய்தேன்; கரு இருந்தது. மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதினி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்தே கிடந்தார். வாசற்படி தாண்டவில்லை. குடம் தூக்கவில்லை. பலகைத் தரையில் அண்ணன் பூனை மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டார். கர்ப்பத்தின் பதினோராம் வாரம் அதுவும் கலைந்தது.

அன்று மாலை மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தில் நின்றபோது எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. பெட்டியைக் கொடுத்த ஆசிரியைமேல், அண்ணன்மேல், எல்லாவற்றையும்விட என் வாய்மேல். தாளில் போட்டிருந்தபடி செல்லாது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

"நான் பேசாம இருந்திருந்தா, நீங்க கல்யாணத்தயாவது கண்ணால பாத்திருப்பீங்க மதினி" என்றேன்.

மதினி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"போயிருந்தா, சாகுற வரைக்கும் அந்தப் பஸ்ஸாலதான்னு நெனச்சுக்கிட்டே கெடந்திருப்பேன் பாப்பா. முந்தினத அப்பிடித்தான நெனச்சேன்" என்றார். "இப்ப பஸ்ஸே ஏறல. ஒரு சோலியும் பாக்கல. அப்படியும் போயிருச்சு. அப்ப, முந்தினதும் நான் செஞ்சதில்ல."

டாக்டரம்மாவும் நானும் புத்தகமும் சேர்ந்து ஒரு வருடமாகச் சொன்னது அதுதான். மதினி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. வார்டில் இருந்த மற்றப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். விளக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அவர் விழிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.