ஷோபா வாங்கிய பெரிய பேட்டரி

கோலார் தங்கவயலின் பாலகாட் லைன் வீடுகளில் யார் பழைய வண்டி வாங்கினாலும் முதலில் ஆறுமுகத்துக்குத்தான் ஆள் போகும். சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர் அவர். ஆட்கள் ஏறிய கேஜ் என்ற இரும்புக் கூண்டைப் பூமிக்கடியில் இறக்குவதும் மேலே இழுப்பதும் அவர் கையில் இருந்த வேலை. சுரங்கம் மூடி வருடக்கணக்காகியும் இன்ஜின் விஷயத்தில் அவர் ஒன்று சொன்னால் லைனில் மறுபேச்சு கிடையாது.

அவருடைய சோதனை ஒன்றே ஒன்று. லைனில் இருப்பவர்களில் கனமான நாலைந்து பேரை வண்டியில் ஏற்றுவார். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டைச் சுற்றி ஏறும் மண் பாதையில் விடச் சொல்வார். திணறாமல் ஏறினால் நல்ல வண்டி. ஆட்டோவோ, காரோ, காய்கறி ஏற்றும் டெம்போவோ, எல்லாவற்றுக்கும் இதேதான். பாரம் ஏற ஏறத்தான் இன்ஜின் உண்மை பேசும் என்பார். ஏறி உட்காருகிறவர்களுக்கு டீயும் பன்னும் உண்டு. அதனால் ஆளுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

அவருடைய மகள் ஷோபா கார் வாங்கியபோதும் அப்படித்தான் நடந்தது.

சுரங்கம் மூடிய வருடம் ஷோபா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தம்பி விநாயக் அவளைவிடச் சின்னவன். வீட்டில் இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்று ஆனபோது, சீக்கிரம் வேலைக்குப் போகிற படிப்பை ஷோபாவுக்கும், விரும்புகிற படிப்பை விநாயக்குக்கும் என்று பிரித்தார்கள். அவள் லேப் டெக்னீஷியன் படித்தாள். வைட்ஃபீல்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. அன்று பிடித்த ரயிலை அவள் விடவே இல்லை. விடிவதற்கு முன்பு கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புவாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாளா என்று கேட்டார்கள். ஆறுமுகம், தம்பி படிப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினார். தம்பி படிப்பு முடிந்தது. தம்பிக்குக் கல்யாணமும் முடிந்தது. அதற்குப் பிறகு பெண் பார்க்க யாரும் வரவில்லை. அதே வீட்டில் முன்பக்கம் விநாயக்கும் அவன் மனைவியும், நடு அறையில் ஆறுமுகம், பின்பக்கம் ஷோபா என்று ஆகிவிட்டது.

போன வருடம் மழை பெய்த ஒரு காலையில் வைட்ஃபீல்டு ஸ்டேஷனில் கூட்டம் அவளைத் தள்ளிவிட்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. ஊசி பிடிக்கிற கை அது. கட்டுப் பிரித்த பிறகும் குளிர்ந்த நாட்களில் விரல்கள் மரத்துப்போயின. ஒரு கிழவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினாள். இன்னொரு தடவை விழுந்தால் இந்த வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த ரயிலில் இனிமேல் ஏறுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். ஆண்டர்சன்பேட்டையில் பெண்களுக்கென்று இருந்த டிரைவிங் வகுப்பில் சேர்ந்தாள். வைட்ஃபீல்டிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பியாட்ரிஸும், பக்கத்து லைனைச் சேர்ந்த இன்னும் இரண்டு பெண்களும் கூட வருவதாகச் சொன்னார்கள். பெட்ரோல் கார் கட்டுபடியாகாது. எலெக்ட்ரிக் கார் என்றால் நாலு பேரும் செலவைப் பகிர்ந்துகொண்டு ஓட்டலாம்.

விநாயக் பங்காருபேட்டை ரோட்டில் பழைய கார் விற்கும் யார்டு வைத்திருந்தான். வெளியே எங்கேயும் தேட வேண்டாம் என்று ஆறுமுகம் சொல்லிவிட்டார். யார்டில் அவர்கள் தேடிய மாடல் இருந்தது. அந்த மாடல் சின்ன பேட்டரி, பெரிய பேட்டரி என்று இரண்டு வகையில் வந்திருக்கிறது என்பதை ஷோபா போனில் படித்திருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சின்னதில் வைட்ஃபீல்டு போய்ச் சேரலாம், திரும்பி வர முடியாது. லேபில் சார்ஜ் போட இடமில்லை. அதனால் தம்பியிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"பெருசா, சின்னதா?"

"பெருசுக்கா. பின்னாடி பாரு, எழுத்தே போட்டிருக்குது."

பின்கதவில் பெரிய பேட்டரி வண்டிக்கு உண்டான எழுத்து பளபளவென்று ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரை லைனுக்குக் கொண்டு வந்தார்கள். ஆறுமுகம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"முனியப்பா, நீ முன்னாடி குந்து. நீ ஒருத்தனே ரெண்டு ஆளு."

"காலைல இன்னும் துண்ணல மாமா. இன்னிக்கி வெயிட்டு கம்மி" என்றான் முனியப்பன்.

"அப்ப பன்னைத் துண்ணுட்டு ஏறு."

வண்டி மேட்டில் ஏறியது. சத்தமே இல்லை. மண் மட்டும் சக்கரத்தடியில் நொறுங்கியது. மேலே போய்த் திரும்பி இறங்கி வந்தபோது ஆறுமுகத்தின் முகம் மாறியிருந்தது. பானெட்டின் மேல் கையை வைத்தார்.

"கேஜ் மாதிரி இஸ்துகினு போவுது. இத்தினி பேரை வெச்சிகினு மூச்சே வாங்கல. உள்ள எவ்ளோ பலம் கீதுன்னு பாத்துக்கோ. எடுத்துக்கோ ம்மா."

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஷோபா தம்பி கையில் கொடுத்தாள்.

முழு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்று கண்ணாடிக்குக் கீழே ஒரு எண் தெரியும். முதல் நாளே அது குறைவாகத்தான் காட்டியது. விநாயக்கிடம் கேட்டாள்.

"முன்னாடி ஓட்டினவன் முரட்டுத்தனமா மிதிச்சிருப்பான். அவன் பழக்கத்தை வெச்சிதான் அது கணக்கு போடும். நீ ஓட்ட ஓட்ட ஏறும்க்கா."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்படி ஏறுவதாகப் போனிலும் எழுதியிருந்தார்கள்.

ஏறவில்லை. திரும்பி வரும் வழியில் ஹொஸ்கோட்டைக்குள் நுழையும்போதே வண்டி மஞ்சள் விளக்குக் காட்டத் தொடங்கிவிடும். சார்ஜ் போடும் இடத்தில் வரிசை. முதல் வாரம் நாலு பேரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு சிரித்துப் பேசினார்கள். ரயிலில் நசுங்குவதற்கு இது எவ்வளவோ மேல் என்றாள் பியாட்ரிஸ். பிறகு பஜ்ஜி நின்றது. பிறகு பேச்சும் நின்றது. நாலு பேரும் காருக்குள் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏ.சி. போட்டால் சார்ஜ் குறையும் என்று கண்ணாடிகளை இறக்கிவிட்டு, லாரிப் புழுதியில் வீடு திரும்பினார்கள்.

"ஷோபாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் பியாட்ரிஸ் ஒருநாள். "புள்ள தூங்கினதுக்கப்புறம்தான் போய்ச் சேர்றேன். ரயில்ல போனவங்க எனக்கு முன்னாடி வந்து சமையலே முடிச்சிடறாங்க."

அவள் காரில் வருவதை நிறுத்தியதும் மற்ற இரண்டு பேரும் நின்றார்கள். ஷோபா தனியாக ஓட்டினாள். நாலு பேர் பகிர்ந்த செலவு ஒருத்தி தலையில் விழுந்தது. தன் ஓட்டுதலில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து, பொறுத்துப் பொறுத்து மெதுவாகப் போனாள். மணல் லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டின.

அப்படி ஒரு மாலை சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அதே மாடல், அதே நிறத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முல்பாகல்காரர், ரிட்டயரான பேங்க் ஆபீசர். பேச ஆள் கிடைத்தால் விடாத மனிதர்.

"உங்களது சின்ன பேட்டரி இல்லையா? இவ்வளவு தூரத்துக்கு எதற்கு இதை எடுத்தீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

பெரியதுதான் என்றாள் ஷோபா. அவர் சிரித்துவிட்டு அவளைப் பின் சக்கரத்துக்கு அழைத்துப் போனார். பெரிய பேட்டரி வண்டிக்குக் கனம் அதிகம். அதனால் பின் சக்கரத்திலும் தட்டு பிரேக் வைப்பார்கள் என்று தன் வண்டியில் காட்டினார். சக்கரக் கம்பிகளுக்கு நடுவே தட்டு மினுமினுத்தது. அவள் வண்டியில் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு டிரம் பிரேக்தான் இருந்தது. நம்பாவிட்டால் சார்ஜரைப் பாருங்கள் என்றார். சார்ஜ் போடத் தொடங்கியபோது இரண்டு வண்டியும் கிட்டத்தட்ட ஒரே சதவீதம்தான் காட்டியிருந்தன. அவளுடையது நிறைந்து நின்றபோது அவருடையது இன்னும் யூனிட்டுகளைக் குடித்துக்கொண்டே இருந்தது.

"மோட்டார் ரெண்டுக்கும் ஒன்றுதான். மேடு ஏறுவதில் வித்தியாசமே தெரியாது" என்றும் அவராகவே சொன்னார்.

ஷோபா பின்கதவு எழுத்தை நகத்தால் நிமிண்டினாள். பிசின் நூல் நூலாக வந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு யார்டுக்குப் போனாள். ஆறுமுகமும் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஷோபா உரித்த எழுத்தை மேஜைமேல் வைத்தாள். விநாயக் அதைப் பார்த்தான். மறுக்கவில்லை.

"அதே வண்டிதான்க்கா. சீட்டு அதே, மோட்டார் அதே. உள்ள கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்."

"தெரிஞ்சிதானே குடுத்தே?"

"ஒரே சமயத்துல ரெண்டு வந்துச்சி. பெருச ஒரு டாக்டர் கேட்டாரு. அவரு வெளியாளு. மாத்திக் குடுத்தா கோர்ட்டுக்கு இஸ்துடுவாரு." சிரித்தான். "நீ போவியா இன்னா?"

ஷோபா அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, கேட்டியா?"

ஆறுமுகம் பேப்பரை மடித்தார். "மேட்டுல இஸ்துச்சே ம்மா. நான்தானே பாத்தேன். முனியப்பன் கூட குந்திகினு இருந்தான்."

"இஸ்கறது வேற நைனா. எவ்ளோ தூரம் போவும்ங்கறது வேற."

"நான் இன்ஜின் ஓட்டினவன். எனக்குத் தெரியாதா?" அவர் குரல் உயர்ந்தது. ஏமாந்தவள் அவள், கோபம் அவருக்கு. "எந்தப் புள்ளையாவது தம்பி மேல குத்தம் சொல்லுமா? வூட்டு விசயத்த வூட்டோட வெச்சிக்கோ."

"வண்டிய திருப்பி எடுத்துக்கோன்னுதான் சொல்றேன்."

"எப்பிடிக்கா எடுக்கறது? உன் பேருக்கு மாறிடுச்சி. இனிமே அது இன்னொரு கை மாறின வண்டி." விநாயக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கோலார் ஆஸ்பத்திரிக்கு பேசண்ட் ஏத்து. போய் வர தாராளம். நீ இன்னாத்துக்கு இந்த வயசுல பெங்களூரு பெங்களூருன்னு ஓடிகினு கீறே?"

அடுத்த திங்கட்கிழமை ஷோபா ரயிலில் போனாள். வலது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பற்றி நின்றாள். பியாட்ரிஸ் பார்த்துவிட்டு இடம் கொடுக்க எழுந்தாள். ஷோபா வேண்டாமென்று தலையசைத்தாள். கார் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. விநாயக்கின் மனைவி அதன்மேல் வடாம் காயப்போட்டாள். சாப்பிடும்போது ஆறுமுகம் எதுவும் நடக்காததுபோல ஷோபாவிடம் உப்புக் கேட்டார். அவளும் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு மாதம் அப்படிப் போனது.

டிசம்பர் குளிரில் ஒரு காலை, ஒரு சின்னக் குழந்தையின் கையில் ஊசி வைக்கும்போது அவளுடைய விரல் நடுங்கியது. லேப் மேனேஜர் பார்த்துவிட்டார். மறுவாரத்திலிருந்து அவளை ரிசப்ஷனில் உட்காரச் சொன்னார். சம்பளமும் இனி ரிசப்ஷன் சம்பளம்தான். ஷோபா அதற்கும் சரி என்றாள். மறுநாள் கார்மேல் இருந்த வடாம் விரிப்பைச் சுருட்டி வாசற்படியில் வைத்துவிட்டு, கோலார் டவுனுக்கு ஓட்டிப் போனாள். தம்பி சொன்னது சரிதான். அதற்கு அந்த பேட்டரி தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

நுகர்வோர் கோர்ட் அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவர் கன்னடத்தில் கேட்கக் கேட்க, அவளும் கன்னடத்தில் சொன்னாள். பெயர், விலாசம், வாங்கிய பொருள், குறை. மின்சாரக் கார், சொன்ன பேட்டரி வேறு, கொடுத்த பேட்டரி வேறு.

"விற்றவர் பெயர்?"

"விநாயக்."

"அப்பா பெயர்?"

"ஆறுமுகம்."

"விலாசம்?"

சொன்னாள். குமாஸ்தா பாதி எழுதிவிட்டு நிறுத்தினார். மேலே எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்தார்.

"அம்மா, உங்கள் விலாசத்தையே சொல்கிறீர்கள்."

"இல்லை சார். இரண்டு பேருக்கும் அதுதான்."

அவர் பேனாவை மூடினார். "வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளக் கூடாதா?"

"பேசியாகிவிட்டது சார்."

"நோட்டீஸ் அந்த வீட்டுக்குத்தான் வரும். தெரியுமில்லையா?"

"தெரியும். நானும் தம்பியும் பகலில் இருக்க மாட்டோம்" என்றாள் ஷோபா. "எங்கள் அப்பா இருப்பார். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்."