அக்னி மூலைக்குப் போன நிலைவாசல்

போன வாரம் சின்னமனூரில் என் தங்கை வீட்டு நிலைவாசல், அரை மணி நேரத்துக்குள் இரண்டு தடவை திசை மாறியது. சத்தியமாகச் சொல்கிறேன்... நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

தங்கை மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் சிரித்துப் பேசிவிட்டுப் போகிறார்கள். பிறகு பதிலே இல்லை. வாசலில்தான் ஏதோ கோளாறு என்று தங்கைக்குத் தோன்றிவிட்டது. வாஸ்துக்காரரை அழைத்தாள். கையோடு கொத்தனாரையும் கடப்பாரையுடன் வரச் சொல்லிவிட்டாள்.

வாஸ்துக்காரர் நிலைப்படியில் திசைகாட்டியை வைத்தார். கிழக்கு பார்த்துக் கட்டிய வாசல், தென்கிழக்கில் அக்னி மூலையைப் பார்க்கிறது என்றார். இடித்து நகர்த்தியே ஆக வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்து, போயிருந்த கரண்ட் வந்தது. எதற்கும் இன்னொரு தடவை பாருங்கள் என்றார் தங்கை கணவர். பார்த்தால், ஊசி எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. இப்போது வாசல் வடகிழக்கு, ஈசானியம்! வாஸ்துக்காரர் திசைகாட்டியைத் தட்டிப் பார்த்தார், வேட்டியில் துடைத்தும் பார்த்தார்.

எனக்கும் தலை சுற்றியது. வீடா சுழல்கிறது? அப்புறம்தான் நிலைப்படிக்கு அடியில் நீளவாக்கில் ஓடிய சிவப்பு ஒயர் கண்ணில் பட்டது. மின்வெட்டுக்குப் பயந்து புதிதாக வாங்கிய இன்வெர்ட்டர். ஆசிட் வாடைக்காக பேட்டரியை வாசலுக்கு வெளியே வைத்திருந்தார்கள். சிவப்பு ஒயர் கீழே, கறுப்பு ஒயர் நிலைக்கு மேலே.

மின்சாரம் ஓடும் ஒயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் — கல்லூரியில் படித்தது. கட்டை விரலை நீட்டி ஏதோ ஒரு விதி. வலது கையா, இடது கையா? இரண்டையும் நீட்டிப் பார்த்தேன். கொத்தனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒயரே இல்லாவிட்டாலும், மின்புலம் மாறிக்கொண்டிருந்தால் காந்தப்புலம் வரும் என்றும் ஒரு பாடம் உண்டு. அது அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

ஒன்று மட்டும் பிடிபட்டது. கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே வருகிறது. கரண்ட் வந்தால் சார்ஜ் ஆக உள்ளே போகிறது. ஓட்டம் திரும்பினால் ஊசியும் திரும்பத்தானே செய்யும்? பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னேன். ஊசி ஆடி ஆடி நின்றது. வாசல் சுத்தமான கிழக்கு.

கொத்தனார் கிளம்பிவிட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. தங்கை முகத்தில்தான் சந்தோஷமே இல்லை. இடித்துக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தாள் போலிருக்கிறது.

"அப்ப வாசல்ல குத்தமில்லையாண்ணே?" என்று மெல்லக் கேட்டாள். "பின்ன, வந்தவுக எல்லாம் எதப் பாத்துட்டு வேணாம்னு போனாக?"

கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்ட, நான் பேட்டரிப் பக்கம் குனிந்துகொண்டேன்.