துபாய் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு

துபாயிலிருந்து மச்சான் இன்று காலை கடையநல்லூர் வந்து சேர்ந்தார். அக்கா வீட்டுக்காரர், தினமும் ஆன்லைன் கேமில் என்னோடு லாரி ஓட்டும் கூட்டாளியும் அவர்தான்.

வீடே சுற்றி உட்கார, சூட்கேஸ் திறந்தது. அத்தர், சோப்பு, சாக்லேட். என் பங்கை மட்டும் கைப்பையிலிருந்து எடுத்தார். அந்த லாரி கேமில் புது ஊர்களும் சாலைகளும் சேர்க்கும் எக்ஸ்பான்ஷன், அழகான பெட்டியில்.

"நசுங்கிரக் கூடாதுன்னு மடியிலயே வச்சுட்டு வந்தேன் மாப்ளே."

பொறுக்க முடியாமல் அதை நேற்றே டவுன்லோட் செய்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

உம்மா பெட்டியைப் பிரித்தார். டிஸ்க் இல்லை. கோட் நம்பர் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு மட்டும்.

"எலே, உள்ள ஒண்ணுமே இல்லயே. மருமவன எவனோ ஏமாத்திட்டாம்லா."

மச்சான் முகம் வாடிவிட்டது. அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"ஏமாத்தல உம்மா, இந்த நம்பரப் போட்டா கேம் இறங்கிரும். மச்சான், நான் நேத்தே வாங்கிட்டேன். இத உங்க லேப்டாப்புல போடுங்க, சேர்ந்து ஓட்டுவோம்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப, எனக்கு நானே சாமான் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று சிரித்தார்.

குற்றாலத்துச் சாரலுக்காக லீவு போட்டு வந்தவர், மதியம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து லாரி ஓட்டினார்.

காலிப் பெட்டி இப்போது ஷோகேஸில், அத்தர் பாட்டில்களுக்கு நடுவே. வருகிறவர்களிடமெல்லாம் உம்மா காட்டுகிறார்: "மருமவன் கொண்டாந்தது."

நான் வாங்கிய டவுன்லோடை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. உங்கள் வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?