சீமைச் சரக்குக்கு நீலம் போட்டவன்

நொய்யல் கரையில் சலவைப் பட்டறை வைத்திருந்த ஆறுச்சாமியை ஊரில் முரடன் என்பார்கள். பக்கத்துப் பட்டறைக்காரன் நான். நானும் அதையேதான் சொல்வேன். அவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை ஒன்று கேட்டதில்லை. ஆனால் வேலை சுத்தம். துணியை வேகவைத்து, வெளுத்து, அலசி, கடைசித் தண்ணீரில் நீலம் கலந்து முக்கியெடுப்பான். காதர்பேட்டை பனியன் சந்தையில் அந்த நீலவெள்ளைக்குத்தான் மவுசு. மஞ்சளடித்தால் பழைய சரக்கு என்று தள்ளிவிடுவார்கள்.

எழுபத்தெட்டில் பனியன் கம்பெனி குமாரவேல் முதலாளிக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. சலவை வேலை ஆறுச்சாமிக்குக் கிடைத்தது. முதல் லோடு தேறினால் வருசம் பூராவும் வேலை. அதை நம்பி உள்ளூர் வேலையை எல்லாம் உதறிவிட்டான். சீமைக்குப் போகிற சரக்காயிற்றே என்று நீலத்தை இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே போட்டான்.

பம்பாய் ஏஜென்ட் ஞானசம்பந்தம் பண்டலைப் பிரித்ததும் முகம் சுளித்தார்.

"யாருய்யா இதுல நீலம் போடச் சொன்னது?"

"நீலமில்லாம வெள்ளை ஏதுங்க?" என்றான் ஆறுச்சாமி.

"அங்க போய்த்தான் இதுக்குச் சாயம் ஏத்துவாங்க. நீலத்து மேல மஞ்சள் போட்டா பச்சையாயிடும். ஒண்ணும் எடுக்க முடியாது."

"சாயத்தையும் நாங்களே போட்டுக் குடுக்கறமுங்க."

ஏஜென்ட் சிரித்தார். "அவங்ககிட்ட மெஷின் இருக்கு. உங்ககிட்ட வெயிலும் ஆளும் இருக்கு. யாருக்கு எது மலிவோ அதை அவங்க செய்யணும். ரெண்டு பேருக்கும் லாபம். உலக வியாபாரம் அப்படித்தான்."

"ஏனுங்க, எங்கூரு ஆளு மலிவுன்னு ஆருங்க முடிவு பண்ணுனது? அந்த மெஷினைக் கொண்டாந்து இங்க நிறுத்துங்க. அப்பறம் ஆருக்கு எது மலிவுன்னு பேசிக்கலாமுங்க."

"கொஞ்சம் சும்மா இருங்க ஆறுச்சாமி," என்றார் முதலாளி.

"இனிமே வெளுக்கவே வேண்டாம். கோராத் துணியிலயே தைச்சு அனுப்புங்க, வெளுப்பும் அங்கயே பாத்துக்குவாங்க," என்றார் ஏஜென்ட்.

"செஞ்சர்லாமுங்க," என்று முதலாளி தலையாட்டினார். ஆறுச்சாமியின் பிழைப்பு அந்தத் தலையாட்டலோடு போயிற்று.

கழித்த பனியன்களைக் கல்கத்தா வியாபாரி ஒருவர் காதர்பேட்டையில் பேரம் பேசாமல் அள்ளிக்கொண்டு போனார். அதனால் இவனுக்கென்ன? உள்ளூர் வேலை அதற்குள் என் பட்டறைக்கு வந்துவிட்டது. திருப்பிக் கேட்டு வந்தான்; தரமாட்டேன் என்றேன். அவன் உதறியதைத்தான் நான் எடுத்தேன். எனக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

கொதிக்கிற என் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ரெண்டு பேருக்கு லாபமுன்னு சொன்னான் அந்த ஏஜென்ட்டு. ஒருத்தன் சீமைக்காரன். இன்னொருத்தன் ஆருன்னு இப்பத்தான் தெரியுது."

இப்போது சோமனூரில் யாரோ ஒருவருடைய தறியில் கூலிக்கு நிற்கிறான். என்னை வழியில் பார்த்தால் துப்பிவிட்டுத்தான் போவான்.