அண்ணன் கொத்திய காற்று வழி

எங்கள் அண்ணன் பிறந்தது செய்யூர் பக்கம். அப்பா காலமான பிறகு அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் வந்து, கல் பட்டறையில் சேர்ந்தார். சாமி சிலையில் தொடங்கியவர் பேர் வாங்கியது ஜாலி வேலையில். பூவும் கொடியுமாகத் துளையிட்ட கல் பலகை அது. சுவரில் பதித்தால் வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். கோவளம் முதல் கடப்பாக்கம் வரை புதிதாக வீடு கட்டியவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

முதலில் அந்த வீட்டுக்குள் ஊதுபத்தி கொளுத்தி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் அளவெடுப்பார். "பூ அழகா கீதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. வேர்க்காம தூங்கறாங்களா, அதான் நமக்கு வேணும்" என்பார்.

பிறகு நாங்கள் சொந்தமாக வைத்த பட்டறையின் கதை வேறு. மிஷினில் அறுக்கும் கல்தூசி பக்கத்து விடுதியின் துணிகளில் படிகிறது என்று சண்டை வந்தது. ஆர்டர் பார்ப்பவள் நான். நாலு பக்கமும் தகரம் அடிக்கச் சொன்னதும் நான்தான். தூசி உள்ளேயே தங்கி, அண்ணனுக்கு இருமல் தொடங்கியது. கடல் பக்கம் ஒன்று, ரோட்டுப் பக்கம் ஒன்று என்று பட்டறைக்காக இரண்டு ஜாலி கொத்தினார். அவற்றை மாட்டுவதற்குள், ஒரு வீட்டுக்குப் போன இரண்டு பலகைகள் வேனிலிருந்து இறக்கும்போது உடைந்துவிட்டன. அங்கே நான்கு நாளில் கிரகப்பிரவேசம். அளவு ஒத்துப்போனதால் எங்களுடையதை ஏற்றச் சொன்னேன்.

"இன்னாம்மா, நம்ம பட்டறைக்குப் போட்டதாச்சே?"

"அடுத்த மாசம் வேற போட்டுக்கலாம்ண்ணா."

"சரி, அவங்க வூட்ல நல்லது நடக்குது. போவட்டும்."

அடுத்த மாதம் வேறு ஆர்டர் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. மூன்றாம் வருடம் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நுரையீரல் முழுக்கக் கல்தூசி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். கடைசி மாதங்களில் அண்ணனால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எங்கள் ஜாலிகளை ஏற்றி அனுப்பிய அந்த வீட்டுக்காரர் சாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணன் புண்ணியத்துல எங்க வூட்ல ஃபேனே போடறதில்லம்மா" என்று அழுதார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்த பட்டறைத் தோழர்களுக்கும், கேட்காமலே கார் அனுப்பிய விடுதிக்காரருக்கும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மாமா குடும்பத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

வருட நினைவு நாளுக்கு வருகிறவர்கள் பட்டறையையும் பாருங்கள். கடல் பக்கமும் ரோட்டுப் பக்கமும் தகரத்தைப் பிரித்துவிட்டேன். இந்த முறை ஜாலிக்காகக் காத்திருக்கவில்லை. வெறும் திறப்பாகவே விட்டிருக்கிறேன். உள்ளே நான்கு பேர் கல் அறுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இருமத் தொடங்கிவிட்டார்.